நீலக்கோடு நெளிகிற இடம்

பாலக்காட்டு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மோட்டார் மாரப்பன் பட்டறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிடும். அந்த மாரப்பன் நான்தான். நாலாங்கிளாசோடு சிலேட்டை வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தவன். வடகரப்பதியில் மழை கண்டு மூன்று வருஷமான தோட்டத்தில்கூட போர் போட்டு, பாறைக்கு அடியில் கிடந்த தண்ணீரை வரப்பில் ஓடவிட்டுக் காட்டியவன். மாரப்பன் சொன்னால் தண்ணீர் கேட்கும் என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை மறுத்ததில்லை.

கேட்காத தண்ணீர் ஒன்றையும் பார்த்தேன். அது என் பட்டறைக்குள்ளேயே, நான் செய்து கொடுத்த தொட்டியிலேயே ஓடியது. அந்தத் தொட்டிக்காரி என் அக்கா மருதாத்தாளின் மகள் கௌசிகா. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வடகரப்பதியில் நிலக்கடலைக் காட்டுக்கு நடுவில் வீடு. அப்பன் சீக்கிரம் போய்விட்டார். பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவள், பக்கத்துச் சித்தூரில் காலேஜ் சேர்ந்தபோது மலையாளம் பேச வராமல் ஒரு வருஷம் வாயையே திறக்கவில்லை. பொறவு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்தாள். பாலக்காட்டுப் பக்கம் ஒரு காலேஜில் கெஸ்ட் டீச்சர் வேலை. கெஸ்ட் என்றால் ஒறம்பரை மாதிரிதான். வருஷா வருஷம் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. காலேஜ்காரர்கள் இந்தத் தடவை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் பட்டம் இருந்தால் அடுத்த வருஷம் வேலை, இல்லாவிட்டால் இல்லை. பட்டத்துக்கு யூனிவர்சிட்டி கொடுத்திருந்த கடைசிக் கெடு மார்கழி பாதி, அதாவது டிசம்பர் முடிவு. ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டி வாங்கிய கெடு அது.

நீட்டியதற்குக் காரணம் அவளுடைய சோம்பல் இல்லை. அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இடத்தில் புதுக் கட்டிடம் கட்டுகிறோம் என்று தண்ணீர்த் தொட்டியைப் பிரித்து மூலையில் போட்டுவிட்டார்கள். அவளுக்கு வழிகாட்டுகிற டீச்சர், கல்பாத்திக்கார அம்மா ராஜஸ்ரீ, ஏறாத படி இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் இவள் என்னிடம் வந்தாள்.

"மாமா, உங்க பட்டறையில ஒரு தொட்டி வெக்க எடம் வேணுங்க."

"அட, இதென்ன கேள்வி. எத்தனை லிட்டர் கண்ணு?"

"லிட்டர் பெருசில்லீங்க. தண்ணி அதிராம ஓடணும்."

"நம்ம மோட்டார் பூனையாட்டம். ஓடறதே தெரியாது."

"மோட்டாரே வேண்டாங்க மாமா."

மோட்டார் மாரப்பன் பட்டறைக்குள் வந்து மோட்டார் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். லேத்தில் நின்றிருந்த என் பட்டறை ஆள் அருள்குமார் சிரிப்பை அடக்க இருமினான்.

மேலே டேங்க் வைத்து, அதிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி, பட்டறை நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியில் மெதுவாக ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தேன். இப்படி ஒரு தொட்டி கோயமுத்தூரில்கூட இருக்காது என்பேன். தண்ணீர் நுழைகிற வாயில், இளநீர்க்காரனிடம் மூட்டையாக ஸ்ட்ரா வாங்கி வரச் சொல்லி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தேன்கூடு மாதிரி அடுக்கினாள். அதற்குப் பின்னால் கொசுவலை, ஒன்று மாற்றி ஒன்று. தண்ணீருக்குள் இருக்கிற சுழலை எல்லாம் சீவி எடுக்கிறதற்காம். "தலை சீவி விடற மாதிரிங்க" என்றாள். தொட்டிக்கு நடுவில் தண்ணீருக்குள் ஒரு பலகை. கண்ணாடி மாதிரி தெரிகிற, கனமான பிளாஸ்டிக். முன்நுனி கத்தி மாதிரி சீவியது. அந்தப் பலகையை அவள் தென்மேற்கு மழை தொடங்கியதிலிருந்து ஆடி முடிகிற வரைக்கும், மாவு மாதிரி நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கினாள். சாயந்தரம் காலேஜிலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்குவாள், உட்காருவாள், தேய்ப்பாள்.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். பலகையின் மேல் ஓடுகிற தண்ணீரில் ஊசித் துளை வழியாக நீலச் சாயம் விட்டுக் காட்டினாள்.

"பலகையை ஒட்டி ஓடற தண்ணி மெதுவாப் போகுமுங்க. தள்ளி ஓடறது வேகமாப் போகும்."

"இது எனக்குத் தெரியாதா. வாய்க்கால்ல கரையோரம் சருகு நிக்கும், நடுவுல ஓடும்."

"அதேதானுங்க. ஆனா பலகையை ஒட்டினதுலயே இன்னொன்னு இருக்குது. பாருங்க, பக்கத்துல பக்கத்துல கோடு கோடாப் பிரியுது. ஒரு கோடு வேகம், அடுத்த கோடு மெது, மறுபடி வேகம்."

இருந்தது. சேலைக் கரை மாதிரி கோடு கோடாக நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழம் போனதும் ஒரு கோடு லேசாக நெளிந்தது. சாரைப்பாம்பு தரையில் போகிற மாதிரி இடமும் வலமும். நெளிப்பு பெரிசாகி, சட்டென்று உடைந்து, அதற்குப் பிறகு நீலப் புகையாகக் கலங்கிப் போனது.

"யாரு அதை உதைச்சா?"

"யாரும் உதைக்கலீங்க மாமா. வேகமாப் போறதும் மெதுவாப் போறதும் பக்கம் பக்கமா இருந்தாலே போதும். தூசி அளவு அசைவு எங்கிருந்தாவது வந்துரும். அந்த இழுபறி அதைப் பிடிச்சுப் பெருசு பண்ணிரும்."

"அப்ப நிறுத்த முடியாதா?"

"நிறுத்தறது என் வேலை இல்லீங்க. எவ்வளவு பலமான கோடு, எந்த எடத்துல நெளிய ஆரம்பிக்குதுன்னு சொல்லணும். அதுக்கு மொதல்ல பலகை எந்தக் கோட்டையும் தானாப் போடக் கூடாது. நான் வெக்கற கோடு மட்டும்தான் வரணும்."

அவள் வைக்கிற கோடு என்றால், பலகையின் முன்பக்கத்தில் கடுகு மாதிரி சின்னச் சின்ன மேடுகளை வரிசையாக ஒட்டுவாள். ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் ஒரு கோடு கிளம்பும். கடுகு உயரமானால் கோடு பலமாகும். உயரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து எழுத வேண்டும்.

தண்ணீர் சம்பந்தப்பட்ட காரியத்தில் என்னால் செய்ய ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. சும்மா இருக்க முடியாமல் நான் தொட்டி விளிம்பில் கையை ஊன்றினேன். அத்தனை கோடும் ஒரே நேரத்தில் நெளிந்தது. அவள் என் கையை மட்டும் பார்த்தாள். எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை மூடல். லேத் இல்லை, வெல்டிங் இல்லை. ரோட்டில் கரும்பு லாரி போனால்கூட அவள் கையைத் தூக்குவாள், லாரி போய்த் தண்ணீர் அடங்குகிற வரைக்கும் எல்லாரும் காத்திருப்போம். என் பட்டறையில் நானே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். ஆவணியில் ஒரு ஞாயிறு, கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய், அவள் எழுதி வைத்திருந்த இடத்துக்கு வந்ததும் நெளிந்தன. மறுபடி செய்தாள், அதே இடம். மறுபடியும் அதே இடம். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இன்னும் பாதி உயரங்கள் பாக்கி. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை இருக்கிறதே, போதும் என்றாள்.

அதற்கு நடுவில் ஆயுத பூசை வந்தது.

எங்கள் பட்டறை ஆயுத பூசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழுவாத சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. ஸ்பானர், செயின் பிளாக், லேத்து, எடைக்கல், எல்லாம் பளபளவென்று ஆகி, சந்தனம் குங்குமம் வாங்கி, வரிசையில் உட்காரும். கழுவாமல் விட்ட சாமான் அந்த வருஷம் கைவிட்டுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. காலேஜில் பரீட்சை வேலை இருந்ததால், கௌசிகா தொட்டித் தண்ணீரை வடித்து, பலகையை எடுத்து, அவள் அப்பனுடைய பழைய வேட்டியில் சுற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைத் தொடக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லியிருந்தாள். ஆட்களும் தொடவில்லை.

கழுவ உதவிக்கு அக்கா வந்தது. நான் பூசணிக்காய்க்கும் பொரிக்கும் சந்தைக்குப் போயிருந்தேன். பிறகு அருள்குமார் சொல்லித்தான் நடந்தது தெரியும்.

"அதைத் தொடாதீங்கம்மா, கௌசிகாக்கா வையும்" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"எல்லாத்தையும் கழுவிப்போட்டு எம் புள்ளை சாமானை மட்டும் அழுக்கோட வெப்பாங்களாடா? நீ தொட்டாத்தான் வைவா. பெத்தவ தொட்டா என்ன?"

புளியும் செங்கல் தூளும் தேங்காய் நாரும் எடுத்து, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி, அக்கா அந்தப் பலகையை இரண்டு பக்கமும் தேய்த்திருக்கிறது. வயசானாலும் அக்கா கைக்கு நல்ல அழுத்தம். தேய்த்து, கழுவி, துடைத்து, கத்தி மாதிரி இருந்த நுனியில் வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூவும் வைத்துவிட்டது. நான் வந்து பார்த்தபோது பலகை கொஞ்சம் பனி மூடின மாதிரி இருந்தது. மற்றபடி லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கௌசிகா வந்தாள். எல்லாரும் குளித்து, பத்தி கொளுத்தி, பூசைக்கு நின்றிருந்தோம். அவள் பலகையைப் பார்த்தாள். பக்கத்தில் போய் விரல் நுனியால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் தடவினாள்.

"நானேதான் கழுவினேன் சாமி" என்றது அக்கா. "கசடு ஏறிக் கெடந்துது. உனக்கு எங்க நேரம்."

"நல்லாருக்குதுங்கம்மா" என்றாள்.

பொரி வாங்கிக்கொண்டாள். பூசணி உடைத்தபோது நகர்ந்து நின்றாள். அக்கா போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டு, பலகையை வெயிலுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினாள். முழுக்க முழுக்கக் கீறல். மயிரிழைக் கீறல், பல்லாயிரம் இருக்கும். நுனி அங்கங்கே மழுங்கியிருந்தது.

"ஒவ்வொரு கீறலும் ஒரு கோடு போடுமுங்க மாமா. எது நான் வெச்ச கோடு, எது செங்கல் வெச்ச கோடுன்னு தெரியாது."

"இவ்வளவுதானா? பத்துப் பலகை வாங்கித் தரேன் போ."

"பலகை கெடைக்குமுங்க. தேய்க்கற நாளு கெடைக்காது."

பலகையைப் பழையபடி வேட்டியில் சுற்றிவிட்டு, "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள்.

என் வாய் நிற்காத வாய் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மூன்று தடவை சொல்ல வைத்தாள். இதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்ட வராது. படிக்கிறவர்கள் யாரும் போய்ப் படித்துக் காட்ட வேண்டாம்.

புதுப் பலகை கோயமுத்தூரிலிருந்து வந்து, நுனி சீவி, கைக்கு வரும்போது ஐப்பசி முடிந்துவிட்டது. ஆட்களை எல்லாம் உட்கார வைத்தேன். போர்வெல் வேலையை நிறுத்திவிட்டு உப்புத்தாளோடு உட்கார்ந்த பட்டறை இந்த ஜில்லாவிலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு அழுத்தம். ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. நாள் போவதைப் பார்த்து அருள்குமார் சொன்னான்: "பஃப் வீல், அந்தத் துணிச் சக்கரத்தைப் போடலாமுங்க்கா. கண்ணாடியாயிரும்."

கையில் நாள் இருந்திருந்தால் அவள் வேண்டாம் என்றிருப்பாள். "மெதுவாப் போடுங்க" என்றாள். போட்டான். பளபளப்பு வந்தது. அவள் பலகையைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். பலகையில் தெரிந்த டியூப்லைட் நேராக இல்லை, வளைந்து வளைந்து தெரிந்தது. வீல் சூட்டில் மேல்தோல் இளகி அலை விழுந்துவிட்டது. அருள்குமார் வீலைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அவனைத் திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

கெடுவை நீட்டிக் கேட்கலாம் என்று கோயமுத்தூர் யூனிவர்சிட்டிக்குப் போனோம். பட்டுக்கரை வேட்டி, கையில் வாட்ச், நான் போனால் நடக்கும் என்றுதான் போனேன். பஞ்சாயத்து ஆபீசில் எனக்கு நாற்காலி போடுவார்கள். இங்கே பெஞ்சைக் காட்டினார்கள். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்த பிறகு ஒரு பையன் கூப்பிட்டான்.

"நீங்க யாருங்க?"

"மோட்டார் மாரப்பன். கொழிஞ்சாம்பாறையில கேட்டா..."

"அந்தப் பொண்ணுக்கு நீங்க யாருன்னு கேட்டேன்."

"தாய்மாமன்."

"தாய்மாமனுக்கு இங்க என்ன பெரியவரே வேலை? சீர் கொண்டாந்திருக்கீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊராக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் வேலை அவன் கையில் இருக்கிறது, அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

வழிகாட்டுகிற டீச்சர் ராஜஸ்ரீ அம்மா உள்ளே போய்விட்டு வந்தது. முகத்திலேயே தெரிந்தது.

"நான் போகாத ரூம் இல்லை, கேட்டேளா. ரெண்டு தரம் குடுத்தாச்சு, மூணாவதுக்கு ரூல் கிடையாதுங்கறா. தொட்டியைப் பிரிச்சது நீங்கதானேன்னேன். அது வேற டிபார்ட்மென்ட்டாம். நேக்கு இதுக்கு மேல யார்கிட்டப் போறதுன்னு தெரியலை."

"கீறல் விழுந்த பலகையை வெச்சே எழுதிக் குடுத்தா ஆகாதுங்களா?" என்றேன்.

"அது வேற கேள்வி, மாரப்பன். அதை மொதல்லேந்து ஆரம்பிக்கணும். இன்னும் ஆறேழு வருஷம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் கௌசிகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு வந்தாள். வேலந்தாவளம் தாண்டும்போது நான் போட்ட போர்கள் இரண்டு பக்கமும் வந்தன. வழக்கமாக ஒவ்வொன்றையும் கைகாட்டிச் சொல்வேன்.

கெடுவுக்கு முந்தின ஞாயிறு, கடைசியாக ஒருதரம் பார்க்கிறேன் என்று பழைய பலகையையே தொட்டியில் இறக்கினாள். இருக்கிறதில் எந்தப் பக்கம் கீறல் குறைவோ அந்தப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி வைத்தாள். கடுகு மேடுகளை ஒட்டினாள். பட்டறையில் ஈ எறும்பு அசையவில்லை. அன்றைக்கு ரோட்டில் லாரிகூட இல்லை. மேலே டேங்க் நிறைந்து, ஸ்ட்ரா வழியாகத் தண்ணீர் வந்து, பலகை மேல் ஏறியது. சாயத்தைத் திறந்தாள்.

கோடு வந்தது. அவள் வைத்த இடத்தில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் வந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒன்றை ஒன்று நெருக்கி, ஒரு சாண் போவதற்குள் எல்லாம் நெளிந்து, உடைந்து, தொட்டியின் பின்பாதி முழுக்க நீலமாகக் கலங்கிக் கிடந்தது. அவள் தண்ணீரைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். உடைகிற இடம் கொஞ்சம் தள்ளிப் போனது, கோடுகளின் கூட்டம் குறையவில்லை. அதற்கு மேல் குறைத்தால் அவளுடைய கணக்குக்கு ஆகாதாம். என் கை வால்வுக்கும் டேங்குக்குமாகப் போய்ப் போய்த் திரும்பியது. நான் எதைத் திருகினாலும் அது இன்னும் மோசமாகும் என்று எனக்கே தெரிந்தது. என் வாழ்நாளில் தண்ணீருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

அக்கா தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தது. தொட்டியைக் குனிந்து பார்த்தது.

"அடேங்கப்பா, எத்தனை கோடு கண்ணு. முன்னெல்லாம் நாலஞ்சுதானே வரும்?"

கௌசிகா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கம்மா. இப்ப நெறைய வருது."

"கழுவுனதுனாலதான். இந்த அருள்குமாரு கழுவ வேண்டாம்னான், கேட்டுக்கோ மாரப்பா."

கேட்டுக்கொண்டேன். அருள்குமார் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்து வைத்த லேத்து அது.

கௌசிகா கீழ் வால்வைத் திறந்தாள். நீலத் தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் பாய்ந்தது. "கலர்த் தண்ணி தென்னைக்கு ஆகுமா?" என்று கேட்டது அக்கா. "ஒன்னும் பண்ணாதுங்கம்மா" என்றாள் அவள். அக்கா காலாலேயே மண்ணை ஒதுக்கிப் பாத்திக்கு வழி விட்டது. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு. அவள் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூன் மாசம் காலேஜ் திறந்தபோது அவளைக் கூப்பிடவில்லை. இப்போது சந்தைக்குப் பக்கத்தில் மாடியறை பிடித்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். கூட்டம் வருகிறது. நல்ல டீச்சர் என்று மலையாளத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். தொட்டி என் பட்டறையில்தான் இருக்கிறது, பிரிக்க நான் விடவில்லை. அவளும் அந்தப் பக்கம் வருவதில்லை.

அக்கா வீட்டுக்கு ஒறம்பரை வந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கே வந்துவிடும். "எம் புள்ளை தண்ணியில கோடு போடுவா. கசடாக் கெடந்த பலகையை நாந்தான் தேச்சுக் குடுத்தேன். அதுக்கப்பறம் எண்ண முடியாத கோடு. வேணும்னா மாரப்பனைக் கேளுங்க, அவன் கண்ணாலயே பாத்தான்."

அவர்கள் என் பக்கம் திரும்புவார்கள். ஊர்க் கதை எல்லாம் பேசுகிற மோட்டார் மாரப்பன், ஆமாம் என்று தலையாட்டுவேன்.